மவுன்டுக்கு அடியில் இருந்த குரல்

முப்பத்தொரு வயதில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். "ரிடையர் ஆகுறவங்களுக்குக் கடிகாரம்தான் வழக்கம். உனக்கு மட்டும் ஸ்கூட்டியா வாங்கித் தர முடியும்?" என்றார் ஆபீஸ் உதவியாளர் சேகர் அண்ணன். நான் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களின் வேலை எல்லாம் வெளியூரில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களுக்குப் போய்விட்டது. மெஷின் ரூம் தேவையில்லை என்றான பிறகு நான் எதற்கு? அன்றிலிருந்து நண்பர்களுக்கு நான் 'பென்ஷன் இல்லாத பெரியம்மா'.

அடுத்து என்ன என்று தெரியாமல், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஐஸ்வர்யா போன் செய்தாள். அந்த வாடகைக் கம்ப்யூட்டர்களை இப்போது பார்த்துக்கொள்வது அவள்தான். என்னைவிட வேகமானவள். வணக்கம் சொல்லக்கூட நிற்கமாட்டாள்.

"அக்கா, ரெக்கார்டரோட யூனிட் ஃபைல்ல ஒரு வரி போட்டிருக்கீங்க. டிஸ்க் மவுன்ட் ஆகாம ரெக்கார்டர் எழுந்திரிக்கக் கூடாதுன்னு. அதனால ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் போன் எடுக்க லேட்டாகுது. எடுத்துடலாம்னு பார்த்தா மேல ஒரு கமென்ட்."

"என்ன கமென்ட்?"

"நீங்க எழுதினதுதானே. 'இந்த வரியை எடுத்தால் யாரோ ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.' இது என்னக்கா, ஜோக்கா?"

ஜோக் இல்லை என்றேன். போனிலேயே சொல்லிப் பார்த்தேன். பாதியில் அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குரல் மையம் தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. மேற்கே திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தெற்கே அதிராம்பட்டினம் வரை எந்த ஊர் விவசாயியும் எங்கள் நம்பருக்குக் கூப்பிடலாம். மெஷின் எடுக்கும். அவர் சொல்வதைப் பதிந்துகொள்ளும். எங்கள் பெண்கள் அதைக் கேட்டு, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, கதிரில் பூச்சி, அறுப்பு மெஷின் எங்கே கிடைக்கும், இப்படித்தான் அழைப்புகள் இருக்கும்.

இதில் விசேஷமான ஒரு வேலையும் உண்டு. சில இடங்களில் மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் தண்ணீர் விஷயத்தில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் வாய்க்கால் மதகின் ஷட்டரைத் தூக்கு, இறக்கு என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டுவிட்டால் மானம் போய்விடும். அதனால் இரு தரப்பும் எங்களுக்குப் போன் செய்வார்கள். கீழூர்க்காரர் சொல்வதை நாங்கள் மேலூரில் சொல்வோம். "சென்டர்ல சொன்னாங்க" என்று மேலூர்க்காரர் எழுந்து போவார். யாருக்கும் கௌரவக் குறைவில்லை. சொன்னது சென்டர்தானே.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ரொம்பச் சின்னது. இங்கேயே தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தேன், கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள், என் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, நான் ஏறவில்லை. அவ்வளவுதான். சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த ரூமில் இருந்த ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மையத்தின் பொறுப்பாளர் வேதவல்லி மேடம். முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். போன் மணி அடிக்கும்போது அவர் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. முதல் மணிக்கு எழுந்திருப்பார், இரண்டாவது மணிக்குக் கை ரிசீவரில் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். "சொல்லுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் வாயைத் திறக்காமல் இருக்கும் நேரத்தில்தான் எதிர்முனையில் இருப்பவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். பின்னால் வரும் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்வார். "இது அதிராம்பட்டினம். காத்து மைக்குல மோதுது பாரு." "இவரு பம்ப் செட்டுக் கொட்டாய்க்குள்ள நின்னு பேசுறாரு." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கூப்பிட்டவர் பேசி முடித்ததும் மெஷினில் வரும் குரலும் அவருடையதுதான். "உங்கள் தகவல் பதிவாகிறது. உரியவரிடம் சேர்க்கப்படும். கவலைப்பட வேண்டாம்." இதை அவர் எப்படிப் பேசியிருந்தார் என்றால், பல பேர் அதை மெஷின் என்றே நினைக்கவில்லை. "சரிங்கம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். வைக்கும் வரை மெஷின் பதியும். அதனால் அந்த 'சரிங்கம்மா'க்களும் எங்களிடம் இருந்தன.

மேடத்துக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. போன் அடித்தால் எடுக்க வேண்டும். டிஸ்க் போனாலும் சரி, நெட் போனாலும் சரி, இடி விழுந்தாலும் சரி. "வரப்புல நின்னுக்கிட்டு கூப்பிடுறவன் மணியடிச்சுக்கிட்டே இருந்தா என்ன நினைப்பான்? இவங்களும் கைவிட்டுட்டாங்கன்னு நினைப்பான்."

இந்தச் சட்டத்தைக் கேட்டுத்தான், நான் வருவதற்கு முன்பே மெஷினை அமைத்துக் கொடுத்தவர்கள் ஒரு வேலை செய்திருந்தார்கள். அது என்னவென்று புரிய, மவுன்ட் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும்.

போன் எடுக்கும் மெஷினுக்குள் ஒரு சின்ன டிஸ்க். பதிவுகள் போய் உட்கார வெளியே ஒரு பெரிய டிஸ்க் பெட்டி. மெஷினுக்குள் 'குரல்' என்று ஒரு காலி ஃபோல்டர் இருக்கும். பெட்டியை அந்த ஃபோல்டரின் மேல் பொருத்துவதுதான் மவுன்ட். பொருத்தியபின் 'குரல்' என்று திறந்தால் பெட்டிக்குள் இருப்பது தெரியும். காலி ஃபோல்டர் எங்கும் போய்விடவில்லை, அடியில் அப்படியே இருக்கிறது, பாய்க்கு அடியில் தரை இருப்பது போல. தரையை யாரும் பார்க்கப்போவதில்லை, அவ்வளவுதான்.

எது எதற்குப் பிறகு எழ வேண்டும், எது இல்லாவிட்டால் எது எழக் கூடாது என்று மெஷினுக்குள் ஒழுங்குபடுத்துகிற மேஸ்திரி ஒருவர் உண்டு. சிஸ்டம்டி என்று பெயர். அவருக்கு ஒவ்வொரு வேலைக்கும் யூனிட் ஃபைல் என்று ஒரு சின்ன ஃபைல் எழுதித் தர வேண்டும். மவுன்ட் ஃபைலில் எதை, எங்கே, எப்படி என்று சில வரிகள். ஃபைலின் பெயர்கூட நம் இஷ்டம் இல்லை. 'டேட்டா' ஃபோல்டருக்குள் இருக்கும் 'குரல்' என்றால் 'டேட்டா-குரல்.மவுன்ட்' என்றுதான் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும்.

அமைத்தவர்கள் அதில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். பெட்டி வராவிட்டாலும் பரவாயில்லை, நீ எழுந்து வேலையைப் பார், பெட்டி எப்போது வருகிறதோ அப்போது பொருத்திக்கொள் என்று அர்த்தம். போனை எடுத்துப் பதிகிற புரோகிராமான ரெக்கார்டர் பெட்டிக்காகக் காத்திருக்காது. போன் அடித்தால் எடுத்துவிடும். மேடத்தின் சட்டம் அப்படியே மெஷினின் சட்டமாகிவிட்டது. அதைப் படித்தபோது நானே ரசித்தேன்.

இப்போது சேகர் அண்ணன். ஆபீஸ் உதவியாளர், காவல், எலக்ட்ரீஷியன், எல்லாம் அவர்தான். எங்கள் யூபிஎஸ் பழையது. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி கையை விரித்துவிடும். கரண்ட் திரும்ப வந்ததும் மெஷினையும் பெட்டியையும் ஒன்றாகப் போட்டால், பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கும் வேகத்தில் யூபிஎஸ் மறுபடி படுத்துவிடும். அதனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கரண்ட் வந்ததும் முதலில் போன் மெஷின். விவசாயி காத்திருக்கக் கூடாதே. பிறகு எல்லாரும் கீழே டீக்கடைக்கு. பேட்டரிக்கு ஓரளவு உயிர் வந்தபின் அவர் மட்டும் மேலே போய்ப் பெட்டியைப் போடுவார். பால்கனியில் நின்று, "பெட்டி வந்துருச்சு, வாங்க" என்று குரல் கொடுப்பார். நாங்கள் தம்ளரை வைத்துவிட்டு ஏறுவோம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. சின்ன டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் கூட்டினால் வரும் அளவைவிட, நிரம்பியிருப்பதாக டிஸ்க் சொல்லும் அளவு கூடுதலாக இருந்தது. என்ன தேடியும் அந்தக் கூடுதல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டில் நாம் மட்டும் இருக்கிறோம், சோறு மட்டும் ஒரு ஆளுக்கு அதிகமாகக் குறைகிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஒரு கடைமடை ஊரில் வடிகால் உடைத்துக்கொண்டு கதிர் வரும் நேரத்துச் சம்பாப் பயிர் முழுக்க மூழ்கியது. கரையில் காவல் இருந்த கோவிந்தராசு என்பவரைத் தண்ணீர் கொண்டுபோய், இரண்டு ஊர் தள்ளி நாணல் புதரில் ஒதுக்கியிருந்தது. செய்தியாகத்தான் கேட்டோம்.

தையில், பொங்கல் கழிந்து, அவருடைய மகள் மலர்க்கொடி மாடியேறி வந்தாள். பட்டுக்கோட்டையில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்க அப்பா அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணினாரான்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

வடிகால் ஷட்டரைத் தூக்கும் கைப்பிடி மேலூரில் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் காவல்காரர் எங்களுக்குச் சொல்ல வேண்டும், நாங்கள் மேலூருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு மேலூருக்கு எங்களிடமிருந்து எந்தத் தகவலும் போகவில்லை. அதனால் கீழூரில் முடிவு கட்டிவிட்டார்கள்: காவல் நெல்லை வாங்கிக்கொண்டு, சரக்கைப் போட்டுத் தூங்கிவிட்டான். ஊர்ப் பயிர் அவனால் போச்சு.

"போன் அவரோடவே போயிருச்சு. கருமாதிக்கு யாரும் வரலை மேடம். அம்மா ஊர்லதான் இருக்கு. கடைக்குப் போனா முகத்தைத் திருப்பிக்கிறாங்களாம். அவரு குடிச்சா நான் குடிச்சார்னே சொல்லிடுவேன். பண்ணினாரா, இல்லையா. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

தேடினேன். அந்த நாளின் பதிவுகள் எல்லாம் பெட்டியில் வரிசையாக இருந்தன. அழைப்புப் பட்டியலும் அதே பெட்டியில்தான். அவள் அப்பாவின் நம்பர் இல்லவே இல்லை. மேடம் தானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று சொன்னார்.

"வரலைம்மா. வந்திருந்தா இங்க இருக்கும்."

மலர்க்கொடி தலையாட்டினாள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ரம்ஜான் மாதம் வந்தது. பதிவுகளைக் கேட்கும் பெண்களில் பர்வீன், மலர்க்கொடி வந்துபோன பிறகு புதிதாகச் சேர்ந்தவள், அதிராம்பட்டினத்துக்காரி, தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கொடுத்த ஒரு நாள். சேகர் அண்ணன் மெஷினைப் போட்டார், நாங்கள் டீக்குப் போனோம். நோன்பு வைத்திருந்த பர்வீன் மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபோது ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, லிஸ்ட் காணாம போயிருச்சு."

"எந்த லிஸ்ட்?"

"இப்ப இருந்துச்சு. ஒருத்தர் யூரியா கேட்டாரு. ஒரு பொம்பளை சும்மா ஹலோ ஹலோன்னே சொல்லிட்டு வச்சிருச்சு. அப்புறம் ஒரு பெரியவர். அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள சேகர் அண்ணன் பெட்டி வந்துருச்சுன்னாரு. திரும்பிப் பார்த்தா ஒண்ணும் இல்லை."

பார்த்தேன். பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. "வேற ஏதாவது பழசை அமுக்கியிருப்பே" என்றேன்.

சில நாட்களில் மறுபடி கரண்ட் போய் வந்தது. மறுபடி நாங்கள் கீழே போனோம். மறுபடி அவள் மட்டும் மேலே. இந்த முறை படிக்கட்டில் பாதி வழியில் எதிரே வந்து நின்றாள்.

"அதே மூணு பேரும் பேசுறாங்கக்கா. அதே வரிசையில. அதே வார்த்தை. யாரும் கேட்காததுன்னு புதுசா காட்டுது. அந்தப் பெரியவர் தண்ணிக்குள்ள நின்னு பேசுறாரு."

"பர்வீனுக்கு நோன்பு மயக்கம்" என்றார் சேகர் அண்ணன்.

"வயித்துக்குத்தாண்ணே நோன்பு. காதுக்கு இல்லை."

அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் மெஷின் ராக்கில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. மற்ற பெண்கள் கரண்ட் வந்தபின் ரூமுக்குள் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். கரண்ட் போனால் யாரோ வருகிறார், பெட்டியைப் போட்டால் போய்விடுகிறார். இதைப் பேச்சுவாக்கில் சொல்லும்போதே கையில் முடி நிற்கும்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேங்காய்ப் பன் தின்றுகொண்டிருந்தபோது பொறி தட்டியது. பெட்டி இல்லாதபோது மட்டும் தெரிகிற பட்டியல். பெட்டி வந்ததும் மறைகிற பட்டியல். கணக்கில் வராத அந்தக் கூடுதல். பன்னைப் பாதியில் மடித்துப் பையில் போட்டேன். யாரும் எங்கிருந்தும் வரவில்லை. அவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். நாங்கள்தான் தினமும் அவர்கள் மேல் பாயை விரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் காலை மேடத்திடம் சொன்னேன். "மெஷினை நிறுத்தணும் மேடம். கொஞ்ச நேரம் போன் எடுக்காது."

அவர் என்னையே பார்த்தார். அந்த ஆபீஸில் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது. "எவ்வளவு நேரம்?" என்றார். "பார்த்துட்டு உடனே போட்டுடுவேன்" என்றேன். "சரி, நான் நிக்கிறேன்" என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

முதலில் ரெக்கார்டரை நிறுத்தினேன். பெட்டியைக் கழற்றச் சொன்னேன், முடியாது, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றது மெஷின். யாரோ என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது தெரியும். இருந்தும் அந்த நேரத்தில் அந்த வரியைப் படிக்க நன்றாக இல்லை. பார்த்தால், பர்வீனின் திரையில் பட்டியல் திறந்திருந்தது. மூடச் சொன்னேன். மறுபடி கழற்றினேன். இந்த முறை மெஷின் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நடந்துவிட்டது என்று பொருள்.

இப்போது பாய் இல்லை, வெறும் தரை. காலியாக இருக்க வேண்டிய ஃபோல்டர்.

காலியாக இல்லை. திரை நிறைந்து, கீழே ஓடி, இன்னும் ஓடியது. வருஷக்கணக்கில், கரண்ட் வந்ததற்கும் பெட்டி வந்ததற்கும் நடுவே, நாங்கள் டீ குடித்த நேரங்களில் கூப்பிட்டவர்கள். ஒவ்வொருவரையும் மெஷின் எடுத்திருந்தது. ஒவ்வொருவரிடமும் மேடத்தின் குரல், சேர்க்கப்படும் என்று சொல்லியிருந்தது. பர்வீன் கேட்டது பட்டியலின் மேலே இருந்த, கடைசியாகப் பதிவான மூன்று பேரை மட்டும்தான். அதற்குமேல் கேட்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

"அந்தப் பெரியவரைப் போடு" என்றார் மேடம்.

முதலில் மழை இரைச்சல். பிறகு உரத்த குரல், போனில் கத்தினால்தான் கேட்கும் என்று நம்புகிற ஆட்களின் குரல்.

"அம்மா, கோவிந்தராசு பேசுறேன், கீழூரு காவலு. தண்ணி கரைய தொட்டுருச்சும்மா. ஷட்டரத் தூக்கணும். மேலூருல சொல்லிக் கைப்பிடிய எடுத்தாரச் சொல்லுங்க. சீக்கிரம்மா."

மேடம் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார். "ஷட்டர் மேலயே நிக்கிறாரு," என்றார் மெதுவாக. "தண்ணி பலகைக்கு மேல வழியுது. அந்தச் சத்தம்தான்."

பிறகு பதிவில் மேடத்தின் குரலே வந்தது. நிதானமாக, தெளிவாக. உங்கள் தகவல் பதிவாகிறது. உரியவரிடம் சேர்க்கப்படும். கவலைப்பட வேண்டாம்.

"சரிம்மா," என்றார் அவர். கத்தல் போய்விட்டது, குரலில் ஒரு தெளிச்சி. "நீங்க சொன்னா சரி. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

அவர் வைத்த சத்தம். அவ்வளவுதான்.

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடம் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். பிடி நாற்காலி வழியாக எனக்குத் தெரிந்தது. கோவிந்தராசு இன்னொரு தடவை போன் செய்யவில்லை. ஏன் செய்ய வேண்டும்? ஒரு பெண்பிள்ளை அவரிடம் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மலர்க்கொடிக்கு மேடம்தான் போன் செய்தார். அன்று மாலையே வந்தாள். ஹெட்போனில் கேட்டாள். முடிந்ததும், "இதை என் போன்ல ஏத்தித் தர்றீங்களா?" என்றாள். ஏற்றிக் கொடுத்தேன். மேடம்தான் சொன்னார்: "நீ தனியா போகாதே. இல்லைன்னு சொன்னது நான். நானே வந்து சொல்றேன்."

நானும் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அறுக்க எதுவும் மிஞ்சாத வயல்களுக்கு நடுவே, உடைந்து மண்மூட்டை போட்டு அடைத்திருந்த கரையில். கீழூர்க்காரர்கள் இருந்தார்கள். மேலூரிலிருந்தும் நாலைந்து பேர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். மலர்க்கொடியின் அம்மா ஒரு மண்மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மேடம் முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

"அவர் பேசினார். எங்ககிட்ட பேசினார். எங்க மெஷின் வேற இடத்துல பதிஞ்சிருச்சு, நாங்க கேட்கலை. அவர் பேசவே இல்லைன்னு நான் சொன்னது தப்பு."

மலர்க்கொடி போனை உயர்த்திப் பிடித்து ஓடவிட்டாள். அவர் நின்ற அதே இடத்தில் அவர் குரல் வந்தது. ஷட்டர் பலகைக்குக் கீழே இப்போது தண்ணீரே இல்லை, வெடித்த சேறுதான். ஆனால் போனிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நின்றவர்களில் ரெண்டு பேர் அறியாமல் காலைப் பின்னால் எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

"அவன் தூங்கலைப்பா," என்றார் கீழூரில் ஒரு வயசானவர், யாரிடம் என்று இல்லாமல். மேலூர் ஆள் ஒருவர், "நாங்க அன்னிக்கு வீட்லதான் இருந்தோம். சென்டர்லேருந்து ஒரு வார்த்தை வந்திருந்தா ஓடியாந்திருப்போம்" என்றார். அவர் பேசியது நேராகக் கீழூர்க்காரரைப் பார்த்து. அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மலர்க்கொடியின் அம்மா மகளிடம் கேட்டார். "கடைசியில சரிம்மாங்கிறாரே. யாருக்குச் சரிங்கிறாரு? பக்கத்துல யாரு இருந்தா?"

மலர்க்கொடி மேடத்தைப் பார்த்தாள்.

"எனக்கும்மா," என்றார் மேடம். "அது என் குரல். மெஷின்ல பேசி வச்சிருந்தேன்."

அந்த அம்மா அண்ணாந்து மேடத்தின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்ல குரலு," என்றார். "யாரும் நம்பிருவாங்க."

மறுநாள் காலையில் மேடம் என் மேஜைக்கு வந்து, "பெட்டி இல்லைன்னா போன் எடுக்கக் கூடாது. அப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

"மணியடிச்சுக்கிட்டே இருக்கும் மேடம்."

"அடிக்கட்டும். மணியடிச்சா அவன் மறுபடி கூப்பிடுவான். இல்லைன்னா ஓடிப்போயி வேற ஆளைப் பார்ப்பான். பேசி முடிச்சவன்தான் நிப்பான்."

நோஃபெயிலை எடுத்தேன். பெட்டி பொருந்தாமல் எழுந்திரிக்காதே என்று ரெக்கார்டருக்கு ஒரு வரி. நடுவில் பெட்டி போனால் நீயும் நின்றுவிடு என்று இன்னொரு வரி. அடியில் இருந்த பழைய குரல்களை எல்லாம் வேறு இடத்தில் வைத்தபின், அந்த ஃபோல்டரில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டினேன். இனி அது நிஜமாகவே காலி. கணக்கும் அன்றோடு ஒத்துப்போனது. பிறகு அந்தக் கமென்ட்டை எழுதினேன்.

அடியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, பட்டியலில் இருந்த நம்பர்களுக்கு நானும் பர்வீனும் போன் போட்டோம். சிலர் எதற்குக் கூப்பிட்டோம் என்றே மறந்திருந்தார்கள். சில நம்பர்கள் வேறு யாரிடமோ போயிருந்தன. ஹலோ ஹலோ என்று மட்டும் சொன்ன அந்தப் பெண்ணின் நம்பரில் யாரும் எடுக்கவில்லை, அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடம் மெஷினில் இருந்த தன் குரலையும் அழிக்கச் சொல்லி, புதிதாக ஒன்று பேசிக் கொடுத்தார். போன வருஷம் அவர் தவறிவிட்டார். வாடகை மெஷினுக்குப் போனபோது அந்தப் புதிய குரலும் கூடவே அங்கே போனது.

இதெல்லாம்தான் ஐஸ்வர்யா, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது. இதில் பாதி சொன்னதற்கே, "சரிக்கா, லேட்டானா ஆகட்டும், இருக்கட்டும்" என்று நீ சொல்லிவிட்டாய். இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் நல்ல மழை. ட்ரோன் வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எங்கள் நம்பருக்குப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நீ எதையோ ரீஸ்டார்ட் செய்திருக்கிறாய் என்று புரிந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தது.

"சொல்லுங்க," என்றார் மேடம். "நீங்க பேசுறது பதிவாகுது. ஆனா நாங்க திருப்பிக் கூப்பிட்டாத்தான் அது சேர்ந்துச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் யாரையும் நம்பித் தண்ணி ஓரத்துல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

"சரிங்க மேடம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வைக்கும் வரை மெஷின் பதியும். அதுவும் பதிந்திருக்கும், இந்த முறை பெட்டிக்குள்.